டாப்-அப் பட்டமும் செக்ரோல் புத்தகமும்



கடந்த ஆண்டு இறுதியில் மாணவர் தேர்ச்சி அறிக்கையைப் பெற வந்திருந்த தந்தை ஒருவர், மகனின் அறிக்கையில் கையொப்பமிட்டபின்னும் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தார். அவருடைய மூத்த மகள் தனியார் கல்லூரி ஒன்றில் கணினித் துறையில் பட்டயம் முடித்து, இப்பொழுது வேலை பார்க்கிறாளாம். "சார், அவ டாப்-அப் படிக்கணும்ங்கிறா. கைப்பேசிக்குப் போடுற டாப்-அப் எனக்குத் தெரியும். இது என்ன சார் படிப்பு? உண்மையான பட்டந்தானா?" என்று கேட்டார்.

வேலை பார்த்துக்கொண்டே அத்தகைய படிப்பைப் படித்தவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. பட்டயத்தின்மேல் இறுதியாண்டுப் பாடங்களை மட்டும் படித்துப் பட்டமாக நிறைவு செய்வதே டாப்-அப் என்று சுருக்கமாக விளக்கினேன். அவர் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. உண்மையில் அவருடைய கேள்வி நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலான ஒரு வரலாற்றைத் தொடுவதாகும். ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்திருக்க வேண்டிய அந்த வரலாற்றை இங்கு எழுத விழைகிறேன்.

தொலைக்கல்வி இணையம் வந்தபின் தோன்றிய ஒன்று என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இலண்டன் பல்கலைக்கழகம் 1836-ஆம் ஆண்டில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே தொடங்கப்பெற்றது. 1858-இல் அதற்குக் கிடைத்த புதிய சாசனம், இணைப்புக் கல்லூரியில் பயின்றிருக்க வேண்டும் என்னும் விதியை, மருத்துவம் தவிர மற்றத் துறைகளுக்கு நீக்கியது. எவரும் எங்கிருந்தும் எப்படியும் படித்துத் தேர்வெழுதலாம். தேறினால் பட்டம் உண்டு. 1865-இல் மொரிசியசுத் தீவில் அத்தேர்வு நடந்தது. 1878-இல் பெண்களுக்கும் பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் முன்வந்தது. கற்பிப்பவர் ஒருவர், தேர்வு வைத்துப் பட்டம் தருபவர் வேறொருவர் என்னும் பிரிவினை அங்கேதான் வேர் விட்டது. இப்பிரிவினையை நினைவில் வைத்துக்கொண்டால் டாப்-அப் படிப்பின் நன்மை தீமை இரண்டும் விளங்கிவிடும்.

நம்மவர்களில் இவ்வாறு படித்தவர் யார் என்று தேடினால், முதலில் நினைவுக்கு வருபவர் சுவாமி விபுலாநந்தர். கிழக்கிலங்கையின் காரைதீவில் 1892-ஆம் ஆண்டில் மயில்வாகனம் என்னும் பெயரில் பிறந்த அவர், யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத் தேர்வில் தேறினார். அதற்கு முன்னரே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறியிருந்தார். ஒரு தேர்வு இலண்டனுடையது, மற்றொன்று மதுரையுடையது. படித்தவரோ இலங்கையில் இருந்தார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவரும், 'யாழ் நூல்' இயற்றியவரும் அவரே. பகலில் பாடம் நடத்தி இரவில் பாடம் படித்த ஓர் ஆசிரியரின் பட்டத்தை இன்று எவரேனும் அரைப்பட்டம் என்று சொல்லத் துணிவரா? இலங்கையில் 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியுங்கூட, 1942-இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமையும்வரை, மாணவர்களை இலண்டன் தேர்வுகளுக்கே ஆயத்தப்படுத்தி வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்த ஆசிரமத்தைக் கடந்து செல்லும்பொழுதெல்லாம் எனக்கு விபுலாநந்தர் நினைவு வரும். அவர் இராமகிருஷ்ண மடத்துத் துறவி என்பது ஒரு காரணம். மாலை வகுப்பு முடிந்து அவ்வழியே நான் பையைச் சுமந்து நடந்தது இன்னொரு காரணம். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் நாட்டிற்கு வருவோம். 1969-இல் பினாங்கில் நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம் தொடங்கியது. அதுவே இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். தனக்கென்று கட்டடம் இல்லாத அத்தொடக்க நாளில் அதற்கு இடங்கொடுத்தது புக்கிட் குளுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்பது நம் போன்றோர்க்கு இனிப்பான செய்தி. அப்பல்கலைக்கழகம் 1971-இல் வளாகத்திற்கு வெளியே இருந்து படிப்போருக்கான திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியதும் அதே 1971-இல்தான். நாம் அவர்களைப் பார்த்து நெடுநாள் கழித்துப் பின்பற்றியவர்கள் அல்லர். ஒரே ஆண்டில் புறப்பட்டவர்கள்.

பினாங்குத் திட்டத்தில் சேர்ந்தவர்களுள் ஆசிரியர்களே மிகுதி. பாடநூல்கள் அஞ்சலில் வரும். ஆண்டுக்கொரு முறை பள்ளி விடுமுறையில் மூன்று வாரம் வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும். இறுதியாண்டை முழுநேர மாணவராக வளாகத்திலேயே கழிக்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. எனக்கு மூத்த ஆசிரியர் ஒருவர் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். குடும்பத்தை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, தம்மிலும் பதினைந்து வயது இளையவர்களோடு விடுதியில் தங்கி அவ்வாண்டை முடித்தாராம். "வெட்கமா இருந்துச்சு தம்பி, ஆனா வாழ்க்கையிலேயே நிம்மதியா படிச்சது அந்த ஒரு வருசந்தான்" என்பார். இலண்டன் முறையில் இல்லாத ஒன்று இங்கு இருந்தது. தேர்வு வைத்த கையே கற்பிக்கவும் செய்தது. கேள்வி கேட்க ஒரு முகம் இருந்தது.

தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொலைக்கல்வியைத் தொடங்கியது. நம் நாட்டுத் தமிழாசிரியர் பலர் தமிழிலக்கியப் பட்டம் பெற்றது அவ்வழியே. அது தனிக்கட்டுரைக்கு உரிய பொருள்.

இனி, தகவல் முறைமை என்னும் துறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கணினி அறிவியல் வேறு, தகவல் முறைமை வேறு. முன்னது இயந்திரத்தையும் நிரலையும் ஆராய்வது. பின்னது, ஒரு நிறுவனத்தில் எந்தச் செய்தி யாரிடம் பிறந்து யாரிடம் போய்ச் சேர்கிறது, எங்கே பதிவாகிறது, அதைக் கொண்டு யார் முடிவெடுக்கிறார் என்பதை ஆராய்வது. இத்துறையின் பிறப்பிடம் ஆய்வுக்கூடமன்று, தேநீர்க் கடை! பிரிட்டனில் ஊர்தோறும் தேநீர்க் கடை நடத்திய லயன்ஸ் நிறுவனம், லியோ என்னும் கணினியைத் தானே உருவாக்கி, 1951 நவம்பரில் தன் ரொட்டிப் பிரிவின் கணக்கை அதில் போடத் தொடங்கியது. வணிக அலுவலகத்தின் அன்றாட வேலைக்குப் பயன்பட்ட முதல் கணினி அதுவே. ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட எழுத்தருக்கு எட்டு நிமிடம் பிடிக்குமாம். லியோவுக்கு ஒன்றரை வினாடி. அக்கணினியோடு பணியாற்றிய பிராங்க் லேண்ட் என்பவர் 1967-இல் இலண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்று, தகவல் முறைமையைப் பல்கலைக்கழகப் பாடமாக வளர்த்தார். பிற்காலத்தில் அப்பள்ளியின் வழிகாட்டலிலேயே, தகவல் முறைமையும் மேலாண்மையும் என்னும் பட்டம் இலண்டனின் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கிடைத்தது. 1858-இல் திறந்த கதவு வழியே தேநீர்க் கடைக் கணக்கும் வந்து சேர்ந்தது.

நம் சமூகத்திற்கு இத்துறை புதிதா என்றால், இல்லை என்பேன். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் தெரியும். விடியுமுன் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவர், வராதவர், எந்த நிரையில் பால்மரம் சீவுகிறார் என்பதெல்லாம் பதிவாகும். நண்பகலில் பால் கொட்டகையில் எடை போடுவார்கள். பாலில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று அளப்பார்கள். அந்த எண்கள் கிராணியின் செக்ரோலில் ஏறி, மாதக் கடைசியில் சம்பளமாக இறங்கும். லயன்ஸ் நிறுவனம் கணினியிடம் ஒப்படைத்த வேலையைத்தான் நம் தோட்டத்து அலுவலகம் பேனாவால் செய்துகொண்டிருந்தது.

கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் என் தந்தையார் பால்மரம் சீவினார். தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டுவரை படித்தவர். தம் எடையைத் தாமே நாள்தோறும் ஒரு சிறு நோட்டில் குறித்து வைப்பார். ஒரு மாதம் இரண்டு நாள் கணக்கு விடுபட்டுப் போயிற்று. நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனார். கிராணி தம் புத்தகத்தையும் அந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருத்திக் கொடுத்தாராம். தோட்டத்தை விட்டுச் சாலாக் செலாத்தானுக்குக் குடிவந்த பிறகும் அந்த நோட்டு அலமாரியில் இருந்தது.

டாப்-அப் என்னும் ஏற்பாடு எப்படி உருவாயிற்று? பிரிட்டனில் பல்கலைக்கழகத் தகுதி இல்லாத பாலிடெக்னிக் கல்லூரி மாணவர்களுக்குப் பட்டம் வழங்க 1964-இல் ஒரு தேசிய மன்றம் அமைந்தது. அம்மன்றம் 1986-இல் கல்விப் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. ஓராண்டுப் படிப்புக்கு 120 புள்ளி. சிறப்புப் பட்டத்திற்கு 360 புள்ளி. படிப்பு இவ்வாறு எண்ணாக மாறியவுடன் அதைப் பகுதி பகுதியாகச் சேர்க்கவும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு மாற்றவும் வழி பிறந்தது. உயர்பட்டயம் பெற்றவரிடம் 240 புள்ளி இருப்பதாகக் கொண்டால், எஞ்சிய 120-ஐ நிரப்பினால் பட்டம். 1992-இல் பாலிடெக்னிக்குகளே பல்கலைக்கழகங்களாக உயர்ந்தன. அவை மாணவர்களைத் தேடிக் கடல் கடந்தும் வந்தன.

அதே வேளையில் நம் நாட்டில் 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. 1997-இல் பொருளாதார நெருக்கடி. அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ இரண்டரை வெள்ளியாக இருந்த அமெரிக்க டாலர், 1998 சனவரியில் 4.88 வெள்ளி வரை ஏறிற்று. வெளிநாட்டில் பிள்ளையைப் படிக்க வைத்த குடும்பங்கள் தவித்தன. வெளிநாட்டுப் பட்டத்தை இங்கிருந்தே முழுமையாகப் படிக்கும் மூன்று கூட்டல் சுழியம் என்னும் ஏற்பாட்டுக்கு 1998-இல் அரசு இசைந்தது. பெட்டாலிங் ஜெயாவிலும் சுபாங் ஜெயாவிலும் கோலாலம்பூரிலும் கல்லூரிகள் பெருகின. தேர்வில் சிறந்த புள்ளி பெற்றும் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடங்கிடைக்காத நம் பிள்ளைகள் பலர்க்கு அக்கல்லூரிகள்தாம் கதவைத் திறந்தன. அதை மறுப்பது நன்றியின்மை. பின்னர், பதினொரு அரசுப் பல்கலைக்கழகங்களின் கூட்டுறவில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-இல் உருவாகி, மறு ஆண்டு மாணவர்களைச் சேர்த்தது.

நான் 2002-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பட்டயம் முடித்துப் பணியில் அமர்ந்தேன். 2003-இல் கணிதம், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. அதனோடு மடிக்கணினியும் திரையில் படம் காட்டும் கருவியும் பள்ளிக்கு வந்திறங்கின. "நீங்கதான் இளசு, நீங்களே பாத்துக்குங்க" என்று தலைமையாசிரியர் சாவியை என்னிடம் தந்தார். எனக்கோ கணினியை நிறுத்தவும் திறக்கவும் மட்டுமே தெரியும். கேள்வி கேட்கும் மாணவனுக்கு முன் அறியாமையோடு நிற்பதினும் வேதனை ஆசிரியனுக்கு வேறில்லை. பகுதிநேரமாகக் கணினிப் பட்டயம் படித்தேன். அதன்மேல், 2007-இல், பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றின் தகவல் முறைமை டாப்-அப் பட்டத்தில் தொலைக்கல்வி வாயிலாகச் சேர்ந்தேன். நான்கு பாடங்கள், ஓர் ஆய்வுத் திட்டம். மாதம் ஒரு முறையோ இரு முறையோ மாலை வகுப்பு. சாலாக் செலாத்தானில் கொமுட்டர் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் வழியே நடப்பேன். பாதிப் படிப்பு ரயிலிலேயே நடந்தது. ரயில் தாமதமானால் வருந்தாத பயணி நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

ஆய்வுத் திட்டத்திற்குப் பள்ளியின் பாடநூல் கடனுதவித் திட்டத்தை எடுத்துக்கொண்டேன். எந்த மாணவனிடம் எந்த நூல் உள்ளது, எப்பொழுது திரும்ப வரும் என்பதற்கான தரவுத்தளம். முதல் வாரத்திலேயே முட்டிக்கொண்டேன். பாடநூலில் இருந்த மாதிரிப் படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்டது. நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரைக் குடும்பப் பெயராக இட்டால், உடன்பிறந்தவர்கள் ஒன்று சேர்வார்கள். ஆனால் தந்தையும் மகனும் வெவ்வேறு குடும்பமாவார்கள். ஒரே ஆண்டில் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் உடைய இருவரும் எங்கள் பள்ளியில் இருந்தனர். பிறப்புப் பத்திர எண்ணை அடையாளமாகக் கொண்டு சரிசெய்தேன். ஒரு சமூகத்தின் பெயரிடும் வழக்கை அறியாமல் அதற்கு ஒரு தகவல் முறைமையை அமைக்க முடியாது என்று அன்று கற்றதை எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

திட்டம் முடிந்ததும் வீட்டில் தந்தையாரிடம் திரையில் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "எல்லாம் சரிப்பா. தப்பா பதிஞ்சிட்டா எங்க போயி கேக்குறது?" என்றார். அதற்கு என் மென்பொருளில் இடமே இல்லை. மறு வாரம், மாணவரின் பெற்றோர் பதிவைப் பார்த்து மறுப்புத் தெரிவிக்க ஒரு பக்கத்தைச் சேர்த்தேன். தேர்வாளர் பாராட்டிக் குறிப்பெழுதியது அந்தப் பக்கத்தைத்தான்.

2009-இல் பட்டச் சான்றிதழ் வந்தது. பட்டதாரி ஆசிரியராகத் தகுதி உயர்வு கோரி அதை உரிய இடத்தில் கொடுத்தேன். பல மாதங்கள் கழித்துப் பதில் வந்தது: தொலைக்கல்வி வழியாகப் பெற்றது, கற்பிக்கும் துறையோடு பொருந்தாதது, ஆகவே ஏற்க இயலாது. கல்லூரியைக் கேட்டேன். பட்டம் வழங்கியது பல்கலைக்கழகம், அங்கே கேளுங்கள் என்றனர். பல்கலைக்கழகத்திற்கு எழுதினேன். பட்டம் முறையானதே, ஏற்பதும் மறுப்பதும் உங்கள் நாட்டு அலுவலகத்தின் உரிமை என்று மரியாதையாகப் பதில் எழுதினர். மூவரும் சொன்னது உண்மையே. கற்பித்த கை ஒன்று, பட்டம் தந்த கை ஒன்று, ஏற்கும் கை ஒன்று. தந்தையார் அலுவலகத்தில் கிராணி ஒருவர் இருந்தார். எனக்கு அப்படி ஒருவர் இல்லை.

இங்கு என் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சேருமுன் ஏற்பு நிலையைக் கேட்டறிந்திருக்கலாம். விளம்பரத் தாளில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பெரிதாகக் கண்டதும் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பின்னர்க் கல்வி அமைச்சின் பட்டதாரியாக்கத் திட்டத்தில் சேர்ந்து, பள்ளி விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் படித்து 2016-இல் கல்வியியல் பட்டம் பெற்றேன். சம்பள உயர்வு அதனால் வந்தது. தகவல் முறைமைப் பட்டம் ஒரு காசும் கூட்டித் தரவில்லை. எனினும், பள்ளியில் இன்று எந்த இணையப் பதிவு வந்தாலும் சக ஆசிரியர்கள் என் மேசைக்கு வருகிறார்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு நாமெல்லாரும் ஒரே இரவில் தொலைக்கல்வி ஆசிரியர்களானபொழுது, முகம் பாராமல் படிக்கும் மாணவனின் தனிமை எனக்குப் புதிதாக இருக்கவில்லை. வாரத்தில் ஒரு நாளேனும் ஒவ்வொரு மாணவனையும் தொலைபேசியில் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் வற்புறுத்தியவன் நானே.

நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 2007-இல் மலேசியத் தகுதி முகமை அமைந்தபின், அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பதிவேட்டை எவரும் இணையத்திலேயே பார்க்கலாம். கல்லூரி பெயரைப் பார்த்தால் போதாது. படிப்பின் பெயர், பட்டம் தரும் பல்கலைக்கழகம், முழுநேரமா தொலைவழியா என்பவை ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அரசுப் பணிக்குச் செல்லுமா என்பது அதனின் வேறான கேள்வி. அதைத் தனியே கேட்டறிய வேண்டும்.

அந்தத் தந்தையிடம் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பதிவேட்டில் இப்படிப்பு இருக்கிறதா? பாடத்தில் ஐயம் வந்தால் யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில் வரும்? தேர்வுத்தாளைத் திருத்துபவர் இங்குள்ளவரா அங்குள்ளவரா? மதிப்பெண்ணில் பிழை நேர்ந்தால் முறையிட வேண்டியவர் யார், அவர் பெயரும் முகவரியும் என்ன? மகளையும் அழைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போங்கள் என்றேன்.

இரண்டு வாரங்களுக்குப் பின்னர் மகனை அழைத்துப் போக வந்தவர் பள்ளி வாசலில் நின்று கைகாட்டினார். முதல் மூன்று கேள்விகளுக்கும் எழுத்திலேயே பதில் கொடுத்துவிட்டார்களாம். நான்காவதற்கு மட்டும் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். அது வந்த பிறகு பணங்கட்டலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டாராம்.